வலது இடுப்பு

இடுப்பில் துப்பாக்கி வைத்திருப்பவனுக்குப் பயம் இராது என்று பாமரரும் படித்தவரும் ஒருசேர நம்பி வருகிறார்கள். இது பெரும் பிழை. சோற்றில் உப்புக் குறைந்தால் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். இந்தப் பிழையைத் திருத்தாமல் விட்டால் உயிர்ச்சேதம் வரை போகும் என்பதால் முதலிலேயே சொல்லிவிட வேண்டியிருக்கிறது. மறைத்து வைத்த துப்பாக்கி உலகத்தில் ஒரே ஒருவரைத்தான் பயமுறுத்தும், அது யார் இடுப்பில் இருக்கிறதோ அவரை. வங்கி வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் காவலாளியின் இரட்டைக்குழல் சுடுமா சுடாதா என்பது அவருக்கே தெரியாது. ஆனாலும் ஊர் அதைப் பார்த்து ஒதுங்கி நடக்கிறது. காரணம், அது தெரிகிறது. கோமதிநாயகத்தின் துப்பாக்கி தெரியாது. தெரியக்கூடாது என்றுதான் இருக்கிறதிலேயே சின்னதாகப் பார்த்து வாங்கினார். தன் உரக்கடைத் தராசில் வைத்துப் பார்த்தபோது அறுநூற்று எண்பது கிராம் காட்டியது, குண்டு போடாமல். ஒரு கிலோ பூச்சிமருந்துப் பொட்டலத்தைவிட இலேசு. அந்தப் பொட்டலத்தை யாரும் நாள் முழுக்க வேட்டிக்குள் செருகிக்கொண்டு நடப்பதில்லை என்பது வாங்கிய பிறகுதான் உறைத்தது.

இப்போது அவர் திருநெல்வேலி டவுனில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக்கூடத்தில், மறுவீட்டு விருந்தின் மூன்றாம் பந்தியில், கடைசி இலையின் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். கடைசி இலை தற்செயலாக அமைந்ததல்ல. கூடத்துக்குள் நுழைந்ததும் நின்று, படைத்தளபதி மாதிரி நாலு பக்கமும் பார்த்து, இடதுபுறம் சுவர், முதுகுக்குப் பின்னால் சுவர், எதிரே பரிமாறுகிறவர்கள் நடக்கிற இடைவெளி என்று கணக்கிட்டுத் தேர்ந்த மூலை. துப்பாக்கி வலது இடுப்பில். வலதுபக்கத்து இலை காலியாக இருந்தது. காலியாகவே இருக்கும் என்று ஏன் நினைத்தார் என்பதைத்தான் அவரால் இப்போது விளங்கிக்கொள்ள முடியவில்லை. ஐம்பத்தெட்டு வருஷமாகப் பந்தியில் சாப்பிடுகிறவர். ஒரு இலை காலியாக இருந்தால் பெண்வீட்டுச் சித்தப்பாக்களுக்கு உடம்பெல்லாம் அரிக்கும் என்பது தெரியாதா? ஆவுடையப்பன், பெண்ணின் சித்தப்பா, வாசலில் நின்று ஆள் பிடித்துக்கொண்டிருந்தார். “இங்க ஒரு எல காலியாக் கெடக்கு, வாங்க, வாங்க, ஒத்த ஆளு!” என்று யாரையோ தோளைத் தள்ளிக்கொண்டு வந்து, “நல்லதாப் போச்சு, சொந்தத்துக்குள்ளதான்” என்று உட்கார வைத்துவிட்டுப் போனார். நாற்காலி உரசியது. சந்தனமும் வியர்வையும் கலந்து ஒரு வாடை. கோமதிநாயகம் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டியதில்லை. இலைக்குத் தண்ணீர் தெளிக்க நீண்ட அந்தக் கையை, கட்டைவிரல் நகத்தில் கறுப்புக் கோடு விழுந்த அந்தக் கையை, அவர் ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் ஒரு வெள்ளைக் காரின் பாதி இறக்கிய கண்ணாடியின் விளிம்பில் பார்த்திருக்கிறார். “என்னத்தான், சௌக்கியமா?” என்றான் குற்றாலிங்கம்.

மாமா மகன். சின்ன வயசில் ஆற்றில் நீச்சல் கற்றுக்கொடுத்தவர் கோமதிநாயகம். வயிற்றுக்கடியில் கையைக் கொடுத்துத் தாங்கியவர். அப்போதே விட்டிருக்கலாம் என்ற நினைப்பு வந்தது, வந்த வேகத்தில் கூச்சமும் வந்தது, பத்து வயசுப் பையன் மூச்சுக்குத் திணறுகிற முகம் அல்லவா அது, பிறகு அந்தக் கூச்சத்தின் மேலேயே ஒரு கோபம். சௌக்கியம் என்று சொன்னாரா, தலையை மட்டும் ஆட்டினாரா, தெரியவில்லை. எழுந்து போய்விடலாம். போக முடியாது. இலை போட்டாகிவிட்டது, உப்பு வைத்தாகிவிட்டது, இஞ்சிப்பச்சடி வைக்கிற பெண் இரண்டு இலை தள்ளி வந்துகொண்டிருக்கிறாள். உப்பு வைத்த இலையை விட்டு ஒருவன் எழுந்தால் பெண்வீட்டார் காலில் விழுவார்கள், என்ன குறை என்பார்கள், என்ன குறை என்று சொல்வது? பக்கத்து இலைக்காரன் என் அண்ணனைக் கொன்றவன் என்றா? அது எல்லோருக்கும் தெரியும். ஜாமீனில் இருக்கிறான் என்பதும் தெரியும். இருவருக்கும் பத்திரிகை வைத்தார்கள், ஏனென்றால் இருவரும் சொந்தம். சாட்சியைக் கலைக்கக் கூடாது என்பது ஜாமீன் நிபந்தனை. சாட்சிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடக் கூடாது என்று எந்த நீதிபதியும் எழுதவில்லை. துப்பாக்கி லைசென்ஸிலும் நிபந்தனை உண்டு, பொதுக்கூட்டங்களுக்கு எடுத்துப்போகக் கூடாது என்று. மறுவீட்டு விருந்து பொதுக்கூட்டமா? பத்திரிகை அடித்து அழைத்தால் அது தனிக்கூட்டம் என்பது அவர் கட்சி. காலையில் இதை மனைவி உலகம்மையிடம் விளக்கினார். அவள் வேட்டி மடிப்பை எடுத்துக் கொடுத்துக்கொண்டே சொன்னாள்: “அதையும் கட்டிக்கிட்டு மறுவீட்டுக்கா போறிய? மாப்பிள்ள வீட்டு ஆளு யாராவது கட்டிப்பிடிச்சா என்ன செய்வியளாம்?” கட்டிப்பிடித்தார்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா. இவர் இடுப்பை ஒடித்துப் பின்வாங்கியதைப் பார்த்து, “வாயுப் பிடிப்பா?” என்றார்.

சோறு விழுந்தது. அதன்மேல் சொதி. தேங்காய்ப் பாலின் அந்த வாசனை மூக்கில் ஏறியதும் வாய் தன்பாட்டில் ஊறியது. வாய்க்கு மானம் கிடையாது. வலது கையால் பிசைந்தார். முதல் உருண்டையை எடுத்த பிறகுதான், ஐந்து விரலும் மணிக்கட்டு வரை வழவழவென்று ஆன பிறகுதான், அது புரிந்தது. வலது இடுப்புத் துப்பாக்கியை வலது கையால் எடுக்க வேண்டும். வலது கை சொதியில் இருக்கிறது. ஹவில்தார் டேனியல் தங்கையா, ரைபிள் கிளப்பில் கற்றுக்கொடுத்த பெரியவர், எல்லாம் சொன்னாரே. நின்றுகொண்டு எடுப்பது, நடந்துகொண்டு எடுப்பது, மழையில் எடுப்பது. பந்தியில் எடுப்பதைச் சொல்லவில்லை. பட்டாளத்தில் கரண்டியால் சாப்பிடுகிறவர்கள். “அண்ணாச்சி, சின்னதுன்னா சுளுவுன்னு நெனச்சிராதீய. பெரிசு அடங்கும். சின்னதுதான் துள்ளும்” என்றார். துள்ளியது. பத்து மீட்டரில் எட்டுக் குண்டில் இரண்டுதான் இலக்குக் காகிதத்தில் பட்டது, அதில் ஒன்று பக்கத்துக்காரர் காகிதம். பிடி அவ்வளவு குட்டை. சுண்டுவிரலுக்கு இடமே கிடையாது, அது அந்தரத்தில் நிற்கும், டீ குடிக்கிற சீமான் மாதிரி. உலர்ந்த கையிலேயே அப்படி. இந்தக் கையால் பிடித்தால் மீன் மாதிரி வழுக்கிக்கொண்டு போகும். இடது கை? இடது கையை உடம்புக்குக் குறுக்கே வளைத்து, வயிற்றைத் தாண்டி, சட்டையைத் தூக்கி, பச்சைப் பெல்ட்டுக்குள் விட்டு… நாற்பது பேர் பார்க்க, சாப்பிடுகிற நேரத்தில், இடது கையை வேட்டிக்குள் விடுவதா? கொலை செய்தவன் என்ற பெயரைக்கூடச் சுமந்துவிடலாம். பிறகு அடுத்த நினைப்பு வந்தது, அது வந்ததும் மென்றுகொண்டிருந்த வாய் நின்றது. குற்றாலிங்கத்தின் வலது கையும் சொதியில்தான் இருக்கிறது. ஆனால் அவனுடைய இடது கை மடியில் இருக்கிறது. சுத்தமாக, உலர்ந்து, சும்மா. அந்தக் கைக்கும் இந்தத் துப்பாக்கிக்கும் நடுவில் நாலு விரற்கடை. இந்தக் கூடத்தில் கோமதிநாயகத்தின் துப்பாக்கியை எடுக்கத் தோதான கை ஒன்றே ஒன்றுதான், அது குற்றாலிங்கத்தின் கை.

லாக் போட்டேனா? காலையில் குண்டு நிரப்பினார், அது நினைவிருக்கிறது, பூஜை அறையில் கற்பூர வாடை அடித்தது, உலகம்மை மணி அடித்தாள், லாக்கை மேலே தள்ளினாரா? தள்ளியது நேற்றா? சின்னத் துப்பாக்கியில் லாக்கும் சின்னது, உளுந்து அளவு, மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று கண்ணாடி போட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். கொலைகாரன் வரும்போது ஒரு நிமிஷம் பொறுத்துக்கொள் என்று சொல்லிவிட்டு மூக்குக்கண்ணாடியைத் தேட வேண்டும். நல்லதே இல்லாமல் இல்லை. பெரிய துப்பாக்கி வாங்கியிருந்தால் வீட்டோடு கிடந்திருக்கும். இது கூடவே வருகிறது. கூடவே வந்து என்ன செய்தது? போன மாதம் பஸ் ஸ்டாண்டு கழிப்பறையில் குந்துவதற்கு முன்னால் எங்கே வைப்பது என்று தெரியாமல் ஜன்னல் திண்டில் வைத்தார், மறந்து வெளியே வந்தார், பாதி வழியில் இடுப்பு இலேசாக இருப்பதை உணர்ந்து ஓடினார், உள்ளே ஒருவர் இருந்தார், கதவைத் தட்டி, “அய்யா, ஜன்னல்ல என் சாமான் இருக்கு” என்றார். கதவு ஒரு விரற்கடை திறந்தது, ஒரு கை துப்பாக்கியை இரண்டு விரலால் நீட்டியது. உடம்பில் அது கிடக்கிற இடத்தில் தோல் கறுத்துவிட்டது. வியர்வையில் துருப் பிடிக்காமலிருக்க எண்ணெய் போட்டால் வேட்டியில் கறை. கோவிலில் சட்டையைக் கழற்றச் சொல்கிறார்கள் என்று துப்பாக்கி வந்த நாளிலிருந்து நெல்லையப்பரை வாசலோடு கும்பிட்டுவிட்டு வருகிறார். உட்கார்ந்தால் வயிற்றில் குத்துகிறது. சாப்பிடச் சாப்பிட வயிறு முன்னால் வர, அது மேலே ஏறுகிறது. இப்போதும் ஏறிக்கொண்டிருக்கிறது. பிடியின் முனை விலா எலும்பில் தட்டுவது தெரிகிறது.

“முருங்கக்காயத் தொடவே இல்லையே அத்தான்” என்றான் குற்றாலிங்கம். “பெரியத்தானுக்குச் சொதின்னா உசிரு. கடசி வரைக்கும் முருங்கக்காய ஒதுக்கி வச்சிட்டு, பெறவு சாவகாசமா ஒவ்வொண்ணா…” அவன் ஒரு முருங்கைத் துண்டைப் பிளந்து உறிஞ்சினான். அந்தச் சத்தம்.

சுடு. இப்போதே. காதுக்குப் பின்னால் முடி நரைத்திருக்கிற இடத்தில். அங்கே தோல் எவ்வளவு மெல்லிசு. அவன் முகம் அவன் இலையில் விழும், அப்பளம் நொறுங்கும், வெள்ளைச் சொதியில் சிவப்பு முதலில் நூலாக ஓடும், பிறகு கலங்கும், எதிர்வரிசைக் குழந்தைகள் கத்தும், கத்தட்டும். பெரியத்தான். பால்வண்ணம் அண்ணனின் பாத்திரக்கடையில் சாயங்காலம் ஆறரைக்கு நுழைந்த இரண்டு பேருக்கும் அண்ணனை யாரென்றே தெரியாது. “முதலாளி யாரு?” என்று கேட்டார்களாம். அவர் எழுந்து, நான்தான், என்ன பாக்கணும் என்றாராம். பதினேழு வெட்டு என்று டாக்டர் எழுதினார். எண்ணியிருக்கிறார்கள். முதல் வெட்டைத் தடுக்க அண்ணன் ஒரு தாம்பாளத்தைத் தூக்கியிருக்கிறார், அதில் ஒரு நீள வடு, அது இப்போது கோர்ட்டில் சீட்டு ஒட்டிக் கிடக்கிறது. கோமதிநாயகம் எதிர்ச்சாரியில் தன் கடை ஷட்டரை இறக்கிவிட்டுத் திரும்பியவர். முதலில் கேட்டது பாத்திரம் சரிகிற சத்தம். அடுக்கு விழுந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தார், சிரிப்புக்கூட வந்தது, அண்ணன் பையன்களைத் திட்டப்போகிறார் என்று. பிறகு அந்தக் குரல். மனிதக் குரல் என்று அதைச் சொல்ல முடியாது. பிறகு அருவாள் ஏறி இறங்குவது கண்ணாடிக்கு அந்தப்புறம், ஏறி இறங்குவது, வாழை வெட்டுகிற மாதிரி அவசரமில்லாமல். ரோட்டோரம் வெள்ளைக் கார். கண்ணாடி பாதி இறங்கி, விளிம்பில் அந்தக் கட்டைவிரல், உள்ளே அந்த முகம், கடைப்பக்கம் பார்த்துக்கொண்டு, முடிவெட்டுகிற இடத்தில் தன் முறைக்குக் காத்திருப்பவன் மாதிரி. கண்ணாடி மேலே ஏறியது. பாத்திரக்கடைக் கட்டடம் அண்ணனுக்கா குற்றாலிங்கத்துக்கா என்ற வழக்கு, தாத்தா சொத்து, இருபது வருஷம், அதற்கு இது. கடைக்குள் கடைசியில் ஒரு மூடி மட்டும் தரையில் சுற்றிக்கொண்டே இருந்தது, நிற்கவே இல்லை, அவ்வளவு நேரம் ஒரு மூடியால் சுற்ற முடியுமா. அவ்வளவு நேரமும் கோமதிநாயகம் எங்கே இருந்தார்? டிரான்ஸ்ஃபார்மருக்குப் பின்னால். ‘அபாயம்’ என்று எழுதியிருந்த பலகைக்குப் பின்னால், இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வேட்டி நனைந்து. போலீசிடம் சொன்னார், ரோட்டைத் தாண்ட முடியவில்லை, வண்டி வாகனம் என்று. எழுதிக்கொண்டார்கள். வண்டி ஒன்றும் வரவில்லை. ரோடு காலியாக இருந்தது, எல்லா வண்டியும் நின்றுவிட்டது.

அப்புறம்தான் மனுப் போட்டார். கலெக்டர் ஆபீசுக்கு எத்தனை நடை, உயிருக்கு ஆபத்து என்று எத்தனை தாள். எல்லோரும் வரப்போகிற ஆபத்துக்கு என்று நினைத்தார்கள். அவருக்குத் தெரியும், இந்தத் துப்பாக்கி வந்துபோன ஆபத்துக்கு வாங்கியது. ராத்திரி படுத்தால் அதை எடுத்துக்கொண்டு அந்த ஆறரை மணிக்குத்தான் போகிறார். ரோட்டைத் தாண்டுகிறார். நில்லுங்கடா என்கிறார். சுடுகிறார். ஒவ்வொரு தடவையும் சுண்டுவிரல் வழுக்குகிறது, ஒவ்வொரு தடவையும் குண்டு தாம்பாளத்தில் பட்டுத் தெறிக்கிறது, அண்ணன் திரும்பிப் பார்க்கிறார், ஏய் கோமதி, நீயா என்கிறார். மறுபடி முதலிலிருந்து. ஷட்டர். சிரிப்பு. ரோடு. திங்கட்கிழமை கோர்ட். வெட்டிய இருவரும் யார் சொல்லி வெட்டினோம் என்று சொல்லவில்லை, சொல்லவும் மாட்டார்கள். காரில் யார் இருந்தது என்று பார்த்தவர் ஒரே ஆள். அந்த ஆள் திங்கட்கிழமை வரை உயிரோடு இருக்க வேண்டும், கூண்டில் ஏறி வாயைத் திறக்க வேண்டும். வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் முதலாவதுதான் கஷ்டம் என்று நினைக்கிறார்கள்.

“அத்தான்.” குரல் தாழ்ந்திருந்தது. இலையைப் பார்த்தபடியே பேசினான்.

“ம்.”

“சாமான் மேல ஏறிட்டு வருது. எந்திரிக்கும்போது விழுந்துரும்.”

கோமதிநாயகத்தின் வலது கை சோற்றின்மேல் அப்படியே நின்றது. மோர்மிளகாய் தட்டோடு ஒருவர் கடந்து போனார். சட்டையின் ஓரம் தூக்கப்பட்டதை அவர் உணர்ந்தார், பிறகு விலாவில் ஒரு விரல், உலர்ந்த விரல், வைத்தியன் தொடுவதுபோல. இது இவ்வளவுதானா, இப்படித்தானா, சத்தம் மேஜைக்கடியில் வரும், முதலில் சூடு தெரியுமா சத்தம் தெரியுமா, தொடையிலா வயிற்றிலா, உலகம்மை பெண்கள் பந்தியில் இருப்பாள், சத்தம் கேட்டதும் வெடி போடுகிறார்கள் என்று நினைப்பாள், சிரிப்பாள்கூட. கத்தலாம். வாய் நிறையச் சொதிச்சோறு. குற்றாலிங்கத்தின் இடது கை துப்பாக்கியைப் பிடியோடு பிடித்து, ஒரு நொடி, அது ஒரு நொடிதான், நிறுத்தி, பிறகு அழுத்தமாகக் கீழே இறக்கிப் பெல்ட்டுக்குள் செருகியது. சட்டையை இழுத்து மூடியது. மேலே ஒரு தட்டுத் தட்டியது, குழந்தையைத் தூங்கப் பண்ணுகிற மாதிரி.

“லாக் போட்டிருந்தியளா?”

“தெரியல.”

“போடல. இப்பப் போட்டுட்டேன்.”

சொதிக்காரர் வாளியோடு வந்து எதிரே நின்றார். “அண்ணாச்சி, இன்னும் கொஞ்சம்?” குற்றாலிங்கம் இலையைக் கையால் மறித்து, “எனக்குப் போதும். அத்தானுக்கு விடுங்க, அவுஹ சரியாவே சாப்பிடல” என்றான். விட்டார்கள். வெள்ளையாக ஓடிச் சோற்றைச் சுற்றி நின்றது. பயத்துக்கும் கிணற்றைப்போல ஓர் அடித்தரை உண்டு போலிருக்கிறது. கோமதிநாயகத்தின் கால் அதைத் தொட்டுவிட்டது. தராசில் நிறுத்தது, லைசென்ஸ், எண்ணெய், பெல்ட், டேனியல் தங்கையா, எல்லாம் சேர்ந்து வந்து நின்ற இடம் இது. அவன் நினைத்திருந்தால் முடிந்திருக்கும், இவர் நினைத்திருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. இடுப்பில் இனி இருப்பது அறுநூற்று எண்பது கிராம் இரும்பும் அவன் தட்டிய தட்டும். ரோடு காலியாக இருந்தது. வண்டி ஒன்றும் வரவில்லை. ரோடு காலியாகத்தான் இருந்தது.

“திங்கக்கிழம வாரியளா?” என்று கேட்டான் குற்றாலிங்கம். விருந்துக்கு வருகிறீர்களா என்று கேட்கிற தொனி.

“வாரேன்.”

“ஓஹோ.”

“கார்ல நீ இருந்த, குத்தாலம்.” தன் குரல் தனக்கே கேட்டது. பெரிதாக இல்லை, ஆனால் எதிரே அப்பளம் வைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். “கைய கண்ணாடி மேல வச்சிருந்த. அண்ணன் கத்துனதும் கண்ணாடிய ஏத்துன.”

“கருப்புக் கண்ணாடிலா அத்தான்.”

“ஏத்துறதுக்கு முன்ன பாத்தேன். நான் டிரான்ஸ்ஃபார்மருக்குப் பின்னால ஒளிஞ்சி நின்னேன். வேட்டியில ஒண்ணுக்கு இருந்துட்டேன். அதையும் சேத்துச் சொல்லுவேன்.”

குற்றாலிங்கம் முதல் தடவையாகத் திரும்பிப் பார்த்தான். இடது கை மேஜைமேல் வந்து, இலையின் ஓரத்தைப் பிடித்து, நரம்போடு கிழித்தது, ஒரு நீளக் கிழிசல், சொதி அதன் வழியாக ஒழுகி அவன் வேட்டியில் சொட்டியது. அவன் துடைக்கவில்லை. சுற்றிலும் இரண்டு மூன்று இலைகளில் கை நின்றுவிட்டது. ஆவுடையப்பன் எங்கிருந்தோ வேகமாக வந்தார், இருவர் முகத்தையும் பார்த்தார், தான் யாரை யாருக்குப் பக்கத்தில் உட்கார வைத்தோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். “பாயசம்! ஏய், இங்க ரெண்டு எலைக்குப் பாயசம் வரல!” என்று கத்தினார். பாயசம் வந்தது. கோமதிநாயகம் சாப்பிட்டார். அண்ணனைப் போல ஒதுக்கி வைக்காமல், முருங்கைக்காயை முதலிலேயே முடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்தார், ஏன் அப்படி நினைத்தார் என்று தெரியவில்லை, பந்தி எழுந்தது.

திங்கட்கிழமை அவர் ஒன்றே கால் மணி நேரம் சாட்சி சொன்னார்.

ஆவணியில் ஆவுடையப்பன் புதுவீடு கட்டிக் குடிபோனார். இந்தத் தடவையும் இருவருக்கும் பத்திரிகை வைத்தார். கோமதிநாயகத்துக்கு வந்த பத்திரிகையின் மூலையில், பென்சிலால், ‘முதல் பந்தி’ என்று எழுதியிருந்தது.